பாடுவாளே, அவள்

போன வாரம் நம்முடைய பள்ளிக்கூடத்துக் கைபேசிக் குழுவில் ஒருத்தி பழைய படம் ஒன்றைப் போட்டிருந்தாள். எட்டாம் வகுப்பு, பி பிரிவு. வேப்பமரத்தடியில் பெஞ்சு போட்டு எடுத்த படம். எல்லோருக்கும் இரட்டைப் பின்னல், மடித்துக் கட்டிய ரிப்பன், பல் தெரியச் சிரிப்பு. முன்வரிசையில் இடமிருந்து மூன்றாவதாக இருப்பவள் மட்டும் உதட்டை இறுக மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். "இவ யாருடி?" என்று கேட்டிருந்தாள். ஆளுக்கொரு பேர் சொன்னீர்கள். ஒன்றும் சரியில்லை.

அவள் என் பெரியப்பா மகள். பேரைச் சொன்னால் உங்களுக்கு ஞாபகம் வராது. காலையில் கடவுள் வாழ்த்து பாடுவாளே, அவள் என்று சொன்னால் வரும். போன ஆவணியில் இறந்துபோனாள்.

இதை இரண்டு வரியில் எழுதி அனுப்பிவிட்டு நான் சும்மா இருந்திருக்கலாம். எழுதியும் பார்த்தேன். அனுப்ப மனம் வரவில்லை. அந்தப் படத்தில் அவள் வாயை மூடிக்கொண்டிருப்பதற்குக் காரணம் நான். உங்களில் பல பேர் அன்றைக்கு அந்த வகுப்பறையில் இருந்தீர்கள், சிரித்தீர்கள். உங்கள்மேல் குற்றம் சொல்வதற்காக எழுதவில்லை. சிரிக்க வைத்தது நான்தான்.

எங்கள் வீட்டுக்குச் சிலர் வந்திருப்பீர்கள். ரயில் பெட்டி மாதிரி நீளமான வீடு. உள்ளே நுழைந்ததும் இடப்பக்கம் பெரியப்பாவின் தறி, வலப்பக்கம் அப்பாவின் தறி, நடுவில் ஓராள் போகிற வழி. அந்த வழியில்தான் நாங்கள் இரண்டு பேரும் உட்கார்ந்து படிப்போம். இரண்டு பக்கத்துச் சத்தத்துக்கும் நடுவில் படித்துப் பழகியவர்களுக்கு, சத்தம் நின்றால்தான் கவனம் சிதறும்.

பெரியம்மா அவளுக்கு மூன்று வயதிருக்கும்போது மஞ்சள்காமாலையில் போய்விட்டாள். அதற்கப்புறம் எங்கள் இருவரையும் என் அம்மாதான் வளர்த்தாள். ஒரே தட்டில் பிசைந்து இரண்டு வாய்க்கும் மாற்றி மாற்றி ஊட்டுவாள். தீபாவளிக்கு ஒரே துணியில் இரண்டு பாவாடை. அவள் என்னைவிட எட்டு மாதம் மூத்தவள். அதனால் எனக்கு அக்கா. ஆனால் ஒரே வகுப்பு, ஒரே பெஞ்சு.

அக்காவுக்கு யாரும் பாட்டுச் சொல்லிக் கொடுக்கவில்லை. கோயிலில் ஒரு தரம் கேட்டால் வீட்டுக்கு வந்து அப்படியே பாடுவாள். பித்தளைக் குடத்தில் தண்ணீர் நிறையும்போது கடைசியில் ஒரு சத்தம் வருமே, கனமாக, அடியிலிருந்து, அந்த மாதிரிக் குரல். பதின்மூன்று வயதுப் பெண்ணுக்கு அப்படி ஒரு குரலை நான் பிறகு எங்கேயும் கேட்கவில்லை. அவள் பாட ஆரம்பித்தால் பெரியப்பா மிதிப்பதை நிறுத்திவிடுவார். எதிர் வீட்டுத் தறியும் நிற்கும். பாட்டு முடிந்த பிறகு ஒவ்வொரு வீடாகச் சத்தம் திரும்ப வரும்.

பாடும்போது அவளுக்கு ஒரு பழக்கம் இருந்தது. இடது கண் மட்டும் மூடிக்கொள்ளும். தாடை வலது தோள் பக்கம் இழுத்துக்கொண்டு போகும். குரல் மேலே போகிற இடத்தில் ஒரு பக்க உதடு மட்டும் தூக்கிக்கொள்ளும், யாரோ கொக்கி போட்டு இழுக்கிற மாதிரி. கேட்கிறவர்கள் யாரும் இதைக் கவனித்ததில்லை. குரல் வந்துவிட்டால் முகத்தை யார் பார்க்கிறார்கள்? நான் பார்த்தேன். என்னால் பார்க்காமல் இருக்க முடியாது. எனக்கு வாய்த்தது அப்படி.

யாரையாவது கொஞ்ச நேரம் பார்த்தால் போதும், அவர்களுடைய நடை என் இடுப்புக்குள் வந்துவிடும். பேச்சு என் நாக்குக்குள் வந்துவிடும். நானாகக் கற்றுக்கொண்டதில்லை. நாலு வயதிலேயே பால்காரர் மாதிரி நடந்து காட்டியதாக அப்பா சொல்வார். அம்மாவுக்கு அது பிடிக்காது.

"பொம்பளப் புள்ளைக்கு இன்னாடி இந்தக் கொரங்குச் சேட்டை? அவளப் பாரு. சாமி அவ தொண்டையில வந்து உக்காந்துக்கினு இருக்குது. உன் தொண்டையில யாரு உக்காந்துக்கினு இருக்காங்க, சொல்லு பாக்கலாம்."

இதை அம்மா கோபமாகக்கூடச் சொல்ல மாட்டாள். கீரை ஆய்ந்துகொண்டே, துணி பிழிந்துகொண்டே சொல்வாள். ஒரு நாளைக்கு நாலு தரமாவது 'அவளப் பாரு' காதில் விழும். இந்த வயதில் யோசித்தால் அம்மாவின் கணக்குப் புரிகிறது. தாயில்லாப் பிள்ளையைத் தன் பிள்ளைக்கு ஒரு படி கீழே வைத்தாள் என்று தெருவில் யாரும் சொல்லிவிடக் கூடாது என்று அவளுக்குப் பயம். அதனால் ஒரு படி மேலே தூக்கி வைத்தாள். வைத்துவிட்டு என்னை அண்ணாந்து பார்க்கச் சொன்னாள். என் கழுத்து வலிக்கும் என்று அவளுக்குத் தோன்றவில்லை.

அந்த வருஷம் ஐப்பசியில் பிடித்த மழை கார்த்திகை முடிகிற வரைக்கும் விடவில்லை. தறிக்குழியில் தண்ணீர் ஊறிக்கொண்டது. காலை வைத்து மிதிக்கிற பள்ளத்தில் முழங்கால் அளவுக்குக் கலங்கல் தண்ணீர். அப்பா சொம்பால் மொண்டு ஊற்றுவார், மறுநாள் காலையில் அதே அளவு நிற்கும். தறிக்கு ஏற்ற வேண்டிய பாவு நூலைத் தெருவில் நீட்ட முடியவில்லை. வீடே ஈரப் பட்டின் வாடையோடு உம்மென்று இருந்தது. எங்கள் தெருவில் அவ்வளவு நாள் சத்தமில்லாமல் இருந்ததை அதற்கு முன்னால் நான் பார்த்ததில்லை.

அப்படி ஒரு மத்தியானம். அம்மா ரேஷன் கடைக்குப் போயிருந்தாள். பெரியப்பா சுவரில் சாய்ந்து ஓடு ஒழுகுவதையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் பேசுவதே அபூர்வம். அக்கா என் காதில் வந்து, "மேஸ்திரியைச் செய்யேன்" என்றாள். புடவைக் கடையிலிருந்து நெய்ததைப் பார்க்க வருவாரே, அந்த மேஸ்திரி. வந்ததும் செருப்பைக் கழற்றாமல் நிற்பார். புடவையை வெளிச்சத்துக்குத் தூக்கிப் பார்ப்பார், கட்டைவிரல் நகத்தால் ஜரிகையைச் சுரண்டுவார், பிறகு எதற்கென்றே தெரியாமல் அதை மோந்து பார்ப்பார். குறை ஒன்றும் கிடைக்காவிட்டால் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "பரவால்ல" என்பார்.

நான் அம்மாவின் பழைய சேலையை எடுத்துக்கொண்டு மேஸ்திரியாக வந்தேன். சுரண்டினேன். மோந்தேன். மோந்துவிட்டு ஒரு தும்மல் போட்டேன். அது மேஸ்திரி செய்ததில்லை, நானாகச் சேர்த்தது. பெரியப்பாவிடமிருந்து ஒரு சத்தம் வந்தது. இருமுகிறார் என்று நினைத்தேன். சிரித்துக்கொண்டிருந்தார். பெரியம்மா போன பிறகு அவர் சிரித்து நான் பார்த்ததே இல்லை. துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இன்னொரு தபா செய்யிமா" என்றார். மூன்று தரம் செய்தேன்.

அன்றைக்கு அக்கா என்னிடம் ஒன்று சொன்னாள். இரண்டு பேரும் ஒரே போர்வைக்குள் உட்கார்ந்து வேர்க்கடலை தின்றுகொண்டிருந்தோம்.

"எனக்கு உன்னாட்டம் வந்தா நான் பாடவே மாட்டேன்."

"ஏன்?"

"பாட்டு யாருக்கு வேணா வரும். நீ பண்றது யாருக்கு வருது? எங்கப்பா நான் பாடினா அழுவாரு. நீ பண்ணா சிரிக்கிறாரு."

நான் அதை நம்பவில்லை. இருக்கிறவர்கள் இல்லாதவர்களுக்கு ஆறுதல் சொல்வது மாதிரி என்று எடுத்துக்கொண்டேன். அவள் நிஜமாகவே அப்படி நினைத்தாள் என்பது எனக்குப் புரிய ரொம்ப வருஷம் ஆயிற்று.

தை மாதம் பள்ளிக்கூடத்தில் ஆண்டு விழா. ஒத்திகை கார்த்திகையிலேயே தொடங்கிவிட்டது. கலெக்டர் வருகிறார் என்று பேச்சு. பாட்டு டீச்சர் எங்கள் வகுப்பில் பத்துப் பேரைக் கூட்டாகப் பாடுவதற்கு எடுத்தார். அக்கா மட்டும் தனியாக ஒரு அம்மன் பாட்டு பாட வேண்டும். அவளுடைய தங்கை என்பதாலோ என்னவோ என்னையும் பத்துப் பேரில் சேர்த்துவிட்டார். எனக்கு நிலை கொள்ளவில்லை. தினமும் மிளகும் பனங்கற்கண்டும் மென்றேன். குளத்துப் படிக்கட்டில் உட்கார்ந்து தண்ணீரைப் பார்த்துக்கொண்டு கத்திக் கத்திப் பழகினேன். குளிக்க வந்தவர்கள் ஒதுங்கிப் போய்க் குளித்தார்கள்.

இரண்டாவது ஒத்திகையிலேயே டீச்சர் பாட்டை நிறுத்திவிட்டு ஒவ்வொருத்தி வாய்க்குப் பக்கத்திலும் காதை வைத்துக்கொண்டு வந்தார். என்னிடம் வந்ததும் நிமிர்ந்தார்.

"நீ வாயை மட்டும் அசைம்மா. சத்தம் வேணாம்."

அவர் கெட்டவர் இல்லை. எடுத்துவிட்டால் நான் அழுவேன் என்றுதான் வைத்துக்கொண்டார். வீட்டுக்கு வந்து அக்கா இதை யாரிடமும் சொல்லவில்லை. நானே அம்மாவிடம் சொன்னேன். அம்மா தோசை திருப்பிக்கொண்டே, "அவ நிக்கிற எடத்துல உன்னையும் நிக்க வுட்டாங்களே, அதுவே பெரிசு" என்றாள்.

வெள்ளிக்கிழமைதோறும் நான் காமாட்சியம்மன் கோயிலுக்குப் போவேன் என்பது உங்களுக்கு ஞாபகம் இருக்கலாம். பக்தி என்று நினைத்திருப்பீர்கள். பிராகாரத்தைப் பதினோரு சுற்றுச் சுற்றி, 'அவ குரல்ல பாதி எனக்குக் குடு' என்று கேட்பேன். டீச்சர் அப்படிச் சொன்ன வாரம் வேறு மாதிரி கேட்டேன். 'எனக்குக் குடுக்க முடியலேன்னா அவகிட்டேர்ந்து எடுத்துடு.' கேட்ட உடனே பயமாகிவிட்டது. கன்னத்தில் போட்டுக்கொண்டேன். ஆனால் கேட்டதைத் திருப்பி வாங்கவில்லை. நான் என்ன வைத்துக்கொண்டு கேட்கிறேன் என்று அம்மனும் பார்த்திருப்பாள். ஒரு வீட்டையே சிரிக்க வைக்கிற உடம்பை வைத்துக்கொண்டு இன்னொருத்தியின் தொண்டையைக் கேட்டு நின்றேன்.

கார்த்திகைக் கடைசி. மழை கொஞ்சம் விட்டு மறுபடி பிடித்த நாள். கடைசிப் பாடவேளை ஒத்திகை. பாட்டு டீச்சர் வரத் தாமதம். சுருதிப் பெட்டி தலைமையாசிரியை அறையில் இருக்கிறது, எடுத்துக்கொண்டு வா என்று முன்னாலேயே அக்காவிடம் சொல்லியிருந்தார், அவள் போயிருந்தாள். ஜன்னல் சாத்தி, அறை இருட்டாக இருந்தது. யாரோ, "ஏய், எதனா செஞ்சு காட்டுடி" என்றீர்கள்.

தலைமையாசிரியையைச் செய்தேன். வாட்ச்மேனைச் செய்தேன். சிரித்தீர்கள். அதோடு நிறுத்தியிருக்கலாம். அடுத்ததை யாரும் கேட்கவில்லை. நானாகத்தான் செய்தேன்.

கையைக் கோத்துக்கொண்டு நின்றேன். இடது கண்ணை மூடினேன். தாடையை வலது தோளுக்குக் கொண்டு போனேன். ஒரு பக்க உதட்டைத் தூக்கினேன். சத்தமே இல்லாமல் வாயை மட்டும் அசைத்தேன். சத்தம் வேண்டாம் என்றுதானே டீச்சர் சொல்லியிருந்தார். நான் வாழ்நாளில் செய்ததிலேயே சுத்தமாகச் செய்தது அதுதான். ஒரு நரம்பு தப்பவில்லை. உங்களுக்கு யாரென்று உடனே தெரிந்துவிட்டது. பெஞ்சைத் தட்டிக்கொண்டு சிரித்தீர்கள். ஒருத்தி வயிற்றைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள். அவ்வளவு சிரிப்பை நான் அதுவரை சம்பாதித்ததில்லை. இன்னும் கொஞ்சம் தாடையை இழுத்தேன்.

அக்கா சுருதிப் பெட்டியை இடுப்பில் வைத்துக்கொண்டு கதவோரம் நின்றிருந்தாள். அவளும் சிரித்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்து எப்போதும் சிரிக்கிற அதே சிரிப்பு.

"யாருடி இது? தெரியலியே" என்று கேட்டாள்.

அவளுக்கு எப்படித் தெரியும்? பாடும்போது தன் முகத்தை அவள் ஒரு நாளும் பார்த்ததில்லை.

உங்களில் ஒருத்தி, "நீதாண்டி" என்றாள்.

அக்காவின் சிரிப்பு உடனே போய்விடவில்லை. கொஞ்ச நேரம் முகத்திலேயே நின்றது. பிறகு சுருதிப் பெட்டியை மேசைமேல் வைத்தாள். அதன் துருத்தி கிழிந்திருந்ததால், வைத்ததும் அது பெருமூச்சு மாதிரி ஒரு சத்தம் போட்டது. அதற்கும் யாரோ சிரித்தார்கள்.

வீட்டுக்குப் போகிற வழியில் அவள் என்னோடு பேசிக்கொண்டுதான் வந்தாள். வீட்டுப்பாடம் பற்றி, ரிப்பன் நனைந்தது பற்றி. நான்தான் பேசவில்லை. வீட்டில் எங்கள் இரண்டு பேருக்கும் பொதுவாக ஒரு கைக்கண்ணாடி இருந்தது. திருவிழாக் கடையில் வாங்கியது, தகரச் சட்டம், பின்னால் மயில் படம். அதை எடுத்துக்கொண்டு கொல்லைப்பக்கம் போனாள். நான் கிணற்றுக்குப் பின்னால் நின்று பார்த்தேன். கண்ணாடியை முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டு மெதுவாகப் பாட ஆரம்பித்தாள். இரண்டு வரி வந்திருக்கும். மேலே போகிற இடம் வந்தது. நிறுத்தினாள். மறுபடி முதலிலிருந்து பாடினாள். இந்தத் தடவை இரண்டு கண்ணையும் விரித்து வைத்துக்கொண்டு, கழுத்தை நேராக வைத்துக்கொண்டு பாடினாள். குரல் வரவில்லை. தகரத்தைத் தேய்க்கிற மாதிரி ஏதோ வந்தது. கண்ணாடியைக் கவிழ்த்துக் கிணற்று மேடைமேல் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். அந்தக் கண்ணாடி அப்புறம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. நான் தேடவும் இல்லை.

ஆண்டு விழாவில் நடந்தது உங்களுக்குத் தெரியும், காரணம் தெரியாது. மேடையில் வந்து நின்றாள். அம்மா ரவிக்கையோடு புதுப் பாவாடை தைத்துக் கொடுத்திருந்தாள், அரக்கு நிறம், பச்சைக் கரை. டீச்சர் சுருதி பிடித்தார். அவள் முதல் வரியைப் பாடும்போதே கை தானாக எழும்பி வாயை மறைத்துக்கொண்டது. டீச்சர் கையை எடுக்கச் சொல்லிச் சைகை காட்டினார். எடுத்தாள். எடுத்ததும் குரல் நின்றுவிட்டது. பந்தலில் அவ்வளவு ஜனம். அவள் வாயை மூடிக்கொண்டு நின்றாள். யாரோ இரக்கப்பட்டுக் கை தட்டினார்கள். அடுத்த வாரம்தான் வேப்பமரத்தடியில் அந்தப் படம் எடுத்தது.

டீச்சர், "கூட்டத்தைப் பாத்துப் பயந்துடுச்சு" என்றார். அப்பா, "தொண்டையில புண்ணு இருக்கும்" என்று ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார். டாக்டர் விளக்கடித்துப் பார்த்து ஒன்றுமில்லை என்றார். அம்மா மட்டும் கண்பட்டுவிட்டது என்று அடித்துச் சொன்னாள். மூன்று தெரு மண் எடுத்து, மிளகாய் உப்புச் சுற்றி அடுப்பில் போட்டாள். நெடி வரவில்லை என்று இன்னும் பயந்துபோனாள். என்னைப் பார்த்து, "உன் கண்ணாத்தான் இருக்கும்" என்றாள். சும்மா வாய்க்கு வந்ததைச் சொன்னாள். அது எவ்வளவு தூரம் நிஜம் என்று அவளுக்குத் தெரியாது. ஆறேழு பெரியவர்கள் அந்தத் தொண்டைக்குக் கஷாயம் கொடுத்தார்கள், தாயத்துக் கட்டினார்கள். உனக்கு என்ன ஆச்சு என்று ஒருத்தரும் அவளைக் கேட்கவில்லை. அவளும் என்னைக் காட்டிக் கொடுக்கவில்லை.

ஒரு நாள் நானே போனேன். அவள் நூல் சுற்றிக்கொண்டிருந்தாள்.

"நான் சும்மா வெளையாட்டுக்குத்தான் பண்ணேன்க்கா."

அவள் தலை நிமிரவில்லை. கையும் நிற்கவில்லை.

"தெரியும். நல்லாத்தான் பண்ண. கண்ணாடியில பாத்தேன், அப்படியேதான் இருந்திச்சு. நீ பண்றதுல தப்பே இருக்காது."

இதில் குத்தல் இல்லை. அவளுக்குக் குத்திப் பேசத் தெரியாது. என் வாழ்க்கையில் என் திறமையை மனசாரப் பாராட்டியவள் அவள் ஒருத்திதான். அன்றோடு நான் யாரையும் செய்து காட்டுவதை விட்டேன். அம்மாவுக்கு நிம்மதி. "இப்பத்தான் பொண்ணாட்டம் இருக்குறா" என்று பக்கத்து வீட்டில் சொன்னாள்.

அடுத்த மழைக்காலத்தில் தறிக்குழியில் மறுபடி தண்ணீர் வந்தது. பெரியப்பா சுவரில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டு, "அந்த மேஸ்திரிய ஒரு தபா செய்யேம்மா" என்றார். அவருடைய மகள் பாடுவதை நிறுத்தி ஒரு வருஷம் ஆகியிருந்தது.

"மறந்துடுச்சு பெரியப்பா."

"அப்பிடியா. சரிமா" என்று சொல்லிவிட்டு ஓட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு என்ன பதில் சொல்லியிருக்க வேண்டும் என்று இப்போதும் யோசிக்கிறேன். எழுந்து ஒரு தரம் தும்மிக் காட்டியிருந்தால் போதும்.

பிறகு எல்லோருக்கும் நடப்பதுதான் நடந்தது. அவளை ஐயம்பேட்டையில் கட்டிக் கொடுத்தார்கள். நான் தபால் ஆபீசில் முப்பத்திரண்டு வருஷம் கவுண்டரில் உட்கார்ந்திருந்தேன். பேசாத மேடம் என்று எனக்குப் பேர். ஓய்வு பெறுகிற அன்று கூட வேலை பார்த்த ஒருத்தர், "மேடம் சிரிச்சே நாங்க பாத்ததில்லை" என்று மேடையில் பேசினார்.

அவளுக்குப் பெண் பிறந்து தொட்டிலில் போட்ட அன்று நான் போயிருந்தேன். மாமியார் வீட்டில் யாரோ, "தாலாட்டு ஒண்ணு பாடும்மா" என்றார்கள்.

"எனக்குப் பாட்டு வராதுங்க" என்றாள்.

நான் பக்கத்தில்தான் நின்றிருந்தேன். இல்லை, இவளுக்கு வரும், இவள் பாடினால் எங்கள் தெருவில் தறி நிற்கும் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். தொட்டில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவள் குழந்தையின் நெஞ்சில் தட்டிக்கொண்டே இருந்தாள்.

கடைசி நாலைந்து வருஷம் அவள் செவிலிமேட்டில் மகள் வீட்டில் இருந்தாள். சர்க்கரை, பிறகு சிறுநீரகம். நான் போகும்போதெல்லாம் மகளைப் பற்றி ஒரு குறை சொல்வாள். நல்லாத்தான் பாத்துக்கிறா, முகம் கொடுத்துப் பேச மாட்டேங்கிறா என்பாள். எந்த வீட்டிலும் உள்ளதுதானே என்று விட்டுவிட்டேன்.

காரியம் முடிந்த மறுநாள் வந்தவர்கள் எல்லாம் போன பிறகு மகள் எனக்குக் காப்பி கொண்டுவந்து வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தாள். அவளுக்கே நாற்பதை நெருங்கிவிட்டது.

"சித்தி, உங்ககூடப் படிச்ச ஒரு ஆன்ட்டி வந்திருந்தாங்க. எங்கம்மா ஸ்கூல்ல அவ்ளோ நல்லாப் பாடுவாங்கன்னாங்க. வேற யாரையோ நெனச்சுக்கினு சொல்றாங்கன்னு விட்டுட்டேன். எங்கம்மாவாவது, பாடுறதாவது."

வந்தது யார் என்று எனக்குத் தெரியவில்லை, இந்தக் குழுவில் இல்லாதவளாகவும் இருக்கலாம். யாராயிருந்தாலும் அவளுக்கு என் நன்றி.

மகளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். உங்களிடம் இப்போது சொன்ன அத்தனையும். கோயிலில் கேட்டதையும் மறைக்கவில்லை. வெளியே டவுன் பஸ் நின்று நின்று போயிற்று. நான் முடித்த பிறகு, "எப்படிப் பாடுவாங்க? காட்டுங்க" என்றாள்.

எழுந்து நின்றேன். கையைக் கோத்துக்கொண்டேன். கண்ணை மூடினேன், எந்தக் கண் என்று ஒரு கணம் தடுமாறிவிட்டது. தாடையைத் திருப்பினேன். கழுத்து பிடித்துக்கொண்டது. உள்ளே தேடிப் பார்த்தேன். ஒரு காலத்தில் யாரைக் கூப்பிட்டாலும் வந்து நிற்கிற உடம்பு. அவள் வரவில்லை. ஒரு கிழவி முகத்தைக் கோணிக்கொண்டு நிற்பதுதான் அந்தப் பெண்ணுக்குத் தெரிந்திருக்கும். உட்கார்ந்துவிட்டேன்.

அவள் தன் உள்ளங்கையைப் பார்த்தாள். பிறகு சொன்னாள்.

"நான் ஆறாவது படிக்கும்போது என்னைப் பாட்டுப் போட்டிக்கு செலக்ட் பண்ணாங்க, சித்தி. அம்மா ஸ்கூலுக்கே வந்து, எம் பொண்ணுக்குப் பாட்டு வராது, பேரை எடுத்துடுங்கன்னு டீச்சர்கிட்ட சொல்லிட்டாங்க. எனக்கு நல்லா வரும். வீட்ல பாடினாலும் எழுந்து வந்து வாயைப் பொத்துவாங்க. அம்மாவுக்கு நான் மேல வர்றது புடிக்கலைன்னு நெனச்சேன். பெத்தவளே பொறாமைப்படுறாங்கன்னு நெனச்சேன். கடைசி வரைக்கும் அதை மனசுல வெச்சுக்கினுதான் சோறு போட்டேன்."

ஆறிப்போன காப்பியை நான் தள்ளி வைத்தேன்.

"என்னை யாரும் பாத்து சிரிச்சுடக் கூடாதுன்னுதான் பொத்தியிருக்காங்க, இல்ல?"

"ஆமாம்மா."

"இதை அவங்க இருக்கும்போதே ஒரு தடவை வந்து சொல்லியிருக்கலாமே, சித்தி."

அவள் குரலில் கோபம் இல்லை. அவளுடைய அம்மாவைப் போலவே இவளுக்கும் குத்திப் பேச வரவில்லை. காப்பித் தம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுவது எனக்குக் கேட்டது.

சொல்லியிருக்கலாம். செவிலிமேட்டுக்குப் பஸ் ஏறினால் கால் மணி நேரம்தான்.